தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கதை

அண்ணனின் மொபெட் வாசலில் வந்து நின்றபோது நான் கையில் பேன்சீப்போடு நின்றிருந்தேன். வண்டியின் பின்னால் கட்டியிருந்த பச்சைத் தென்னை ஓலை, தெருமுனையிலிருந்தே மண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு வேன். வேனிலிருந்து அண்ணி இறங்கினார். அண்ணிக்குப் பின்னால் ஒன்பது பெண்கள் இறங்கினார்கள். ஆளுக்கொரு தட்டு. ஒன்றில் நல்லெண்ணெய், ஒன்றில் நாட்டுக்கோழி முட்டை, ஒன்றில் உளுந்து மாவு, மற்றவற்றில் பூவும் பழமும்.

"கொயந்த எங்கம்மா?" என்றார் அண்ணன்.

"பின்னாடி உக்காந்திருக்கா. ஏன்?"

"ஓலை கட்டணும். எந்த எடத்துல கட்றதுன்னு சொல்லு."

நகரத்தில் வளர்ந்த வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் எங்கள் பக்கம் தாய்மாமன்தான் பச்சை ஓலை வெட்டிவந்து குடிசை கட்ட வேண்டும். அவள் அதற்குள் உட்கார வேண்டும். அது அவர் கடமை. உரிமை என்றும் சொல்வார்கள்.

என் மகள் வயதுக்கு வரவில்லை. அவள் தலையில் பேன் ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

ஒரு வெட்கம் செய்த வேலை

இந்தத் தொடரைப் போன வாரம் பொங்கலோடு நிறுத்தியிருந்தேன். பத்து வார விடுமுறையில் அப்போது ஏழு வாரம் முடிந்திருந்தது. கணவர் லீவு தீர்ந்து முன்னதாகவே ஆக்லாந்து திரும்பிவிட்டார். நானும் மகள் யாழினியும் மட்டும் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் அண்ணன் வீட்டில் இருந்தோம். எனக்கு அது பிறந்த வீடு. நியூசிலாந்தில் பிறந்து வளர்ந்த பன்னிரண்டு வயது யாழினிக்கு அதுதான் வெளிநாடு.

அவள் அந்த வெளிநாட்டை ரொம்பவே விரும்பினாள் என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் எழுந்தால் தெருவில்தான் இருப்பாள். தெருப் பெண்களோடு பாண்டி ஆடினாள், ஏரிக்கரைக்குப் போனாள், ஒரே சீப்பில் எல்லோரும் தலை வாரிக்கொண்டார்கள். பலன், பொங்கல் முடிந்த நாலாம் நாள் அவள் காதோரம் ஒன்று ஊர்ந்து போவதைப் பார்த்தேன்.

அன்றைக்கு அண்ணனும் அண்ணியும் ஓரிக்கையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நாங்களும் போயிருக்க வேண்டும். பேனோடு எப்படிப் போவது? வேப்பெண்ணெய் தடவி, சீயக்காய் போட்டு, காலையில் ஒருமுறை தலைக்கு ஊற்றினேன். தனிப் பாய், தனித் தலையணை. தெருவுக்குப் போகக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

மதியம் அண்ணி போன் செய்தார்.

"இன்னாம்மா, கொயந்தய இட்டுக்கினு வரவே இல்ல? அல்லாரும் கேட்டுக்கினு கீறாங்க."

பேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வீடு, அவர் பாய், அவர் தலையணை. வெளிநாட்டிலிருந்து வந்தவள், இந்த வீட்டில்தான் பேன் பிடித்தது என்று சொல்லிவிட்டாள் என்று காலத்துக்கும் பேச்சாகிவிடும். மென்று விழுங்கி இப்படிச் சொன்னேன்:

"இல்ல அண்ணி, பாப்பாவுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தினேன். தனியா உக்கார வச்சிருக்கேன். யாரையும் தொட வேணாம்னு சொல்லியிருக்கேன்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

"எப்போ?" என்றார் அண்ணி, குரலைத் தாழ்த்தி.

"காலைலதான்."

"நீ ஒண்டியாவா ஊத்தினே?"

"வேற யாரு ஊத்துவா, அண்ணி?"

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அவரு கைல சொல்றேன், வை" என்று வைத்துவிட்டார். ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழ்நாட்டில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் நான் செய்த தப்பு இந்நேரம் புரிந்திருக்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதோடு 'தனியா உக்கார வச்சிருக்கேன்', 'தொட வேணாம்' என்று நானே வரிசையாகச் சாட்சி வேறு சொல்லியிருக்கிறேன். இருபது வருஷம் ஷவருக்குக் கீழே நின்று ஷாம்பூ போட்டவளுக்குச் சொந்த ஊர்ப் பேச்சு மறந்துவிட்டது. என் தப்புதான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்த மூடிமூடிப் பேசுகிற வழக்கத்தின் மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். தூரம், விலக்கு, வீட்டில் இல்லை, பெரிய மனுஷி என்று எத்தனை போர்வை. மருந்துக் கடையில் பேட் வாங்கினால் கறுப்புக் கவரில் சுற்றித்தான் கொடுக்கிறார்கள். வாயால் சொல்லக் கூசுகிற அதே விஷயத்தைப் பத்தடிக்கு பேனர் அடித்து பஸ் ஸ்டாண்டில் கட்டுவதற்கு மட்டும் யாருக்கும் கூச்சம் இல்லை.

சொன்ன பிறகும்

அன்று சாயங்காலமே தட்டோடு வந்து நின்ற அந்தப் பெண்களிடம் உண்மையைச் சொன்னேன். சீப்பையும் காட்டினேன். முதலில் ஒருத்தி சிரித்தாள், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார். இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. ஓலையை அவிழ்த்துச் சுவரோரம் சாத்திவிட்டு வந்தார்.

"ஓரிக்கைல கல்யாணத்துக்கு வந்த அத்தினி பேரு கைலயும் சொல்லிட்டேன். வர்ற முகூர்த்தத்துக்கு மண்டபம் சொல்லிட்டேன். பேனருக்கு போட்டோ அனுப்பிட்டேன்."

"இல்லைன்னு சொல்லிடுண்ணா. தப்பாப் புரிஞ்சிக்கிட்டோம்னு சொல்லு."

"இன்னான்னு சொல்றது? என் தங்கச்சி பொண்ணுக்குப் பேனுன்னா? இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு ஆவப் போறதுதானே. நீ பிளைட் ஏறிட்டா அங்க யாரு கீறாங்க பண்றதுக்கு? இப்பவே பண்ணிடலாம்."

என் காது சரியாகத்தான் கேட்டதா என்று அண்ணியைப் பார்த்தேன். அண்ணி புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபம் வந்தால் எனக்கு மறந்துபோன ஊர்ப் பேச்சு முழுசாகத் திரும்பி வந்துவிடும். "இன்னாண்ணா பேசிக்கினு கீற? நடக்காத ஒண்ணுக்கு ஊரைக் கூட்டி சோறு போடுவியா? அவ இன்னா பொம்மையா?" என்று கத்தினேன்.

"தாய்மாமன்னு நான் ஒர்த்தன் இன்னாத்துக்கு கீறேன்?" என்று அவரும் கத்தினார். "எனக்கு ரெண்டும் ஆம்பளப் புள்ளைங்க. அவ ஒருத்திக்குத்தான் நான் செய்ய முடியும். அதுவும் கெடையாதா எனக்கு?"

அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் என் கோபம் குறையவில்லை. ஆசை அவருடையது, அதற்கு உட்கார வேண்டியவள் மட்டும் என் மகள். இது எந்த ஊர் நியாயம்?

யாழினி பின்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதி புரிந்தது. மீதியை அவளைத் தனியாக அழைத்துப் போய் நான் சொன்னேன்.

"ஆனா எனக்கு ஒண்ணும் ஆகலையே, அம்மா. அது பொய்தானே?"

"பொய்தான். அது நடக்காது. அம்மா பார்த்துக்கறேன்."

"பிராமிஸ்?"

"பிராமிஸ்."

அவள் தலையை ஆட்டிவிட்டு, சீப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனாள்.

கழுத்துக்குக் கீழே வேறு யாரோ

அண்ணன் நிறுத்தவில்லை. இதை நான் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. நாலு நாள் கழித்து உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில், வந்தவாசி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பத்தடி பேனர். மேலே மயில். ஓரத்தில் வட்டம் வட்டமாகச் சொந்தக்காரர்களின் முகம், அதில் கூலிங்கிளாஸோடு நான் அறியாத இரண்டு பேர். நடுவில் பட்டுப் பாவாடை தாவணி, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டியோடு ஒரு பெண். முகம் மட்டும் என் மகள் முகம். என் வாட்ஸப்பில் இருந்த படம் அது. போன கோடையில் கடலில் படகு ஓட்டியபோது எடுத்தது. லைஃப் ஜாக்கெட்டோடு இருந்தவளைக் கழுத்தோடு வெட்டி வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டியிருந்தார்கள். படகில் சிரித்த சிரிப்பு அப்படியே இருந்தது.

கீழே பெரிய எழுத்தில் பெயர்: செல்வி யாளினி.

நேராக பேனர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

"கொயந்த பேர அதோட மாமாதான் போன்ல சொன்னாருக்கா. அவரு வாய்ல எப்டி வந்துச்சோ அப்டி அடிச்சேன்."

"பேரை விடுங்க. அது அவ உடம்பே இல்லையே?"

"அல்லாருக்கும் அந்த பாடிதான்க்கா போட்றது. புடிச்சிக்கினுதான் போறாங்க."

அதைக் கழற்றச் சொன்னேன். சொன்னவர் வந்து சொன்னால்தான் கழற்றுவேன் என்றார். இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு, எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுத் தேர்தல் நடத்திய ஊர். கல்வெட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அந்த ஊரில் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் உனக்கு இது வேண்டுமா, வேண்டாமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கோ-கோ ஆட்டம்

என்னிடமும் யாரும் கேட்கவில்லை. அந்தக் கணக்கு பழையது.

எட்டாம் வகுப்பில் நான் பள்ளியின் கோ-கோ அணியில் இருந்தேன். துரத்துகிறவள் நான்தான். காஞ்சிபுரத்தில் ஆட்டம் இருந்தது. அதற்கு நாலு நாள் முன்னால் எனக்கு வந்துவிட்டது. ஒரு நாள் முழுக்க மறைத்துவைத்தேன். ஆட்டம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பாவாடையில் கறையைப் பார்த்து அம்மா பிடித்துவிட்டாள்.

பதினாறு நாள் ஓலைக்குள். மூன்று நாள் ரேடியோ செட், புளியமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். அணி காஞ்சிபுரத்துக்குப் போகிற வேன் எங்கள் தெரு வழியாகத்தான் போனது. பாட்டுச் சத்தத்தில் எனக்கு ஹாரன்கூடக் கேட்கவில்லை. பிறகு ஒருத்தி சொல்லித்தான் தெரியும்.

விழாவுக்கு எங்கள் கணக்கு வாத்தியார் வந்தார். மஞ்சள் பூசிய முகத்தோடு உட்கார்ந்திருந்த என் கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவர் வகுப்பிலேயே நான் எழுந்து நின்று விடை சொல்ல வேண்டியிருந்தது. பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு விடை தெரியும், ஆனால் தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை. பெண் பிறந்ததும் ஆஸ்பத்திரி படுக்கையிலேயே முடிவு செய்துவிட்டேன், இவளை இப்படி உட்கார வைக்க மாட்டேன் என்று.

அரை மணி நேரம்

முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் வீடு வீடாக இல்லை. தட்டோடு வந்த ஒன்பது பேரும் அண்ணன் சொல்படி வெளியே மூச்சு விடவில்லை, வாழ்த்துச் சொல்லி போன் வந்தபடி இருந்தது. டெய்லர் ஜாக்கெட் அளவு எடுக்க வந்தார், திருப்பி அனுப்பினேன். வீடியோக்காரர் வந்து, ஏரியில் தண்ணீர் நன்றாக இருக்கிறது, கரையில் வைத்து ஒரு ஷூட் எடுக்கலாம் என்றார். அவரையும் அனுப்பினேன். எல்லோரும் என்னை வெளிநாட்டுத் திமிர் என்றார்கள். காதுபடவே சொன்னார்கள்.

அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினார். வீட்டில் சாப்பிடுவதையும் நிறுத்தினார். அறுவடை இயந்திரம் வந்திருந்தது, அந்தச் சாக்கில் கழனியிலேயே இருந்துகொண்டார்.

கணவருக்கு போன் செய்தேன். "அஞ்சு நாள்ல வந்துடப் போறீங்க. எதுக்குச் சண்டை?" என்றார். அந்த மனிதருக்கு உலகத்தில் எல்லாமே அஞ்சு நாளில் முடிந்துவிடும்.

கடைசியில் அண்ணி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூணு நாளா அவரு நாஷ்டா துன்னலம்மா. ஊரு மொத்தமும் வரப் போவுது. மேடையில பொண்ணு இல்லன்னா அந்தாளு எப்டி தல நிமிந்து நடப்பாரு? மஞ்சத் தண்ணி வோணாம், ஒண்ணும் வோணாம். புடவ கட்டிக்கினு அரை மணி நேரம் சும்மா குந்தட்டும். மாமா மாலை போட்டா போதும்."

அண்ணியின் கை என் கையைப் பிடித்திருந்தது. நான் சரி என்றேன். இத்தனை நாள் கத்தினவள், ஒரு மெதுவான குரலுக்குச் சரி என்றுவிட்டேன்.

யாழினியிடம் போய், "அரை மணி நேரம்தான் கண்ணு. மாமாவுக்காக" என்றேன்.

அவள் அழவில்லை. "நீ பிராமிஸ் பண்ணே" என்று மட்டும் சொன்னாள். அப்புறம், "எந்தப் புடவை?" என்று கேட்டாள்.

மேடையில்

மண்டபம் நிறைந்திருந்தது. புள்ளலூரிலிருந்தும் திருப்புட்குழியிலிருந்தும் வேன் வைத்து வந்திருந்தார்கள். சிவப்பு வெல்வெட் நாற்காலியில் யாழினி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் புது வேட்டி சட்டையில் வந்து மாலை போட்டார். அத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தார். நான் மேடையின் ஓரத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

பெண்கள் வரிசையாக வந்து நலங்கு வைத்தார்கள். மஞ்சள் வேண்டாம் என்று பேசியிருந்தோம். மஞ்சள்தான் வைத்தார்கள். புள்ளலூரிலிருந்து வந்த என் பெரியம்மா அவள் கன்னத்தில் சந்தனம் தடவிக்கொண்டே, பாசமாகத்தான், கேட்டார்.

"வவுறு நோவுதா கண்ணு? எத்தினி நாளு இருந்துச்சு?"

வீடியோக்காரர் மைக்கை நீட்டிக்கொண்டிருந்தார். யாழினி பெரியம்மாவை நேராகப் பார்த்து, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"எனக்கு அது இன்னும் வரலை. பேன்தான் வந்துச்சு."

ஸ்பீக்கரில் மண்டபம் முழுக்கக் கேட்டது. 'ழ' வராத ஊரில் ஒரு எழுத்து பிசகாமல் பேசினாள். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். அண்ணனின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. துண்டை எடுத்துத் தோளில் போட்டவர், போட்ட இடத்திலேயே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மகள் என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ஆமாம் என்றால் போதும்.

நான் சிரித்தேன். "அவளுக்குத் தமிழ் சரியா வராது பெரீம்மா. கேட்டது புரியல" என்றேன்.

மண்டபம் பெருமூச்சு விட்டது. நாதஸ்வரத்துக்குச் சைகை காட்டினார்கள். அண்ணன் துண்டை விட்டார். யாழினி மீதி நேரமும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பேசியபடி சரியாக அரை மணியில் எழுந்து, மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் கிளம்பினோம். அண்ணி விமான நிலையம்வரை வந்து அழுதார். அண்ணன் வரவில்லை, அறுவடை என்று காரணம் சொன்னார். எனக்குத் தெரியும், பேன் விஷயம் அவருக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அவர் மானத்தைக் காப்பாற்ற என் பெண்ணை ஊர் முன்னால் அசடாக்கினேன், அதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை இது என்று விமானத்தில் ஏறும்வரை பொருமினேன். ஆக்லாந்து வந்தபிறகும் அவருக்கு நான் போன் செய்யவில்லை.

குளிர்காலம்

இங்கே குளிர் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, துணி துவைக்கப் போட யாழினியின் அறைக்குப் போனேன். அலமாரியின் அடித்தட்டில், ஸ்வெட்டர்களுக்கு அடியில், பேட் பாக்கெட் இருந்தது. பாதி தீர்ந்திருந்தது.

அவள் மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எப்போ?" என்றேன்.

"மூணு மாசம் ஆச்சு."

"யாரு வாங்கிக் கொடுத்தா?"

"ஸ்கூல் நர்ஸ்கிட்ட கேட்டேன். அப்புறம் நானே வாங்கிக்கிட்டேன்."

படுக்கையில் உட்கார்ந்தேன். எத்தனை வருஷமாக இந்த நாளுக்காக எனக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஓலை இல்லை, மைக் இல்லை, யாருக்கும் சொல்ல வேண்டாம். அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வயிற்றுக்கு வெந்நீர்ப் பை வைத்து, என் கோ-கோ கதையைச் சொல்ல வேண்டும் என்று. அது நான் இல்லாமலே நடந்து முடிந்திருந்தது.

"அம்மாகிட்ட ஏன் சொல்லலை?"

அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. கோபமும் இல்லை அந்தக் குரலில். வழி கேட்டவருக்கு வழி சொல்வது போலச் சொன்னாள்.

"சொல்லலாம்னுதான் நெனச்சேன். ஆனா ஊர்லேர்ந்து அவங்க மறுபடி கேட்டா, நீ சரின்னு சொல்லிடுவே."